பயத்தங்காயில் ஈயம்

அந்தச் செய்தி சுற்றிச் சுற்றிக் கடைசியில் என்னிடமே வந்தது. ஆலைக் கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் பிரிவில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் புலனத்தில் அனுப்பிவிட்டு, எதிரிலேயே உட்கார்ந்து நான் படிக்கும்வரை காத்திருந்தார்.

"எச்சரிக்கை! ஈயலம்பத்து மண்ணில் விளையும் பயத்தங்காயில் ஈயம். அளவு 6 மடங்கு அதிகம். நம்ம ஊர் பொறியியலாளர் சோதனை செய்து கண்டுபிடித்தார். காலைச் சந்தையில் கோயில் ஓரத்துக் கடையில் வாங்க வேண்டாம். குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு உடனே பகிரவும்." கீழே கைகூப்பும் படங்கள் நான்கு.

"ஒங்க ஊரு போலருக்கே தம்பி. அம்மாகிட்ட சொல்லு, பாத்து வாங்கச் சொல்லு," என்றார்.

அந்தப் பொறியியலாளர் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. சோற்றைப் பாதியில் மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். அக்கா ஏழு மாதக் குழந்தையோடு இரண்டு வாரம் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். பையனுக்கு அப்போதுதான் கஞ்சி, மசித்த காய் எல்லாம் பழக்கிக்கொண்டிருந்தார்கள். 2021 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று வெளியிட்ட அறிக்கையை அக்கா எங்கோ படித்திருந்தாள். கடையில் விற்கும் குழந்தை உணவுகளில் ஆர்செனிக், காரீயம், கேட்மியம், பாதரசம் எல்லாம் இருக்கின்றன என்று சொன்ன அறிக்கை அது. அதனால் புட்டியில் அடைத்த உணவே வேண்டாம், எல்லாம் வீட்டிலேயே அவித்து மசிப்பது என்று முடிவு செய்திருந்தாள். அம்மாவுக்கும் அது பிடித்திருந்தது. நான்தான் சும்மா இருக்காமல் கேட்டேன்:

"வீட்டுல அவிக்கிற காய்ல மட்டும் இல்லைன்னு யாரு சொன்னா?"

அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அம்மா, "பதினஞ்சு வருசமா அந்தக் கடையிலதான் வாங்குறேன். நீயும் அதத்தான் சாப்பிட்டு இவ்வளவு ஒசரம் வளந்திருக்கே," என்றார். ஆனால் கேள்வி விழுந்தது விழுந்ததுதான்.

கேள்வியில் நியாயம் இல்லாமலும் இல்லை. நாங்கள் இருப்பது கிந்தா பள்ளத்தாக்கில். எங்கள் தாமானுக்குப் பின்னால் இரண்டு ஈயக்குட்டைகள். பத்து காஜாவுக்கும் தஞ்சோங் துவாலாங்குக்கும் இடையே 1938இல் கட்டிய ஈயக்கப்பல் ஒன்று இன்னும் நிற்கிறது. இப்போது அது சுற்றுலா இடம். அதுபோல் எத்தனையோ கப்பல்கள் இந்த மண்ணைத் தோண்டி, அலசி, ஈயத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பின்னால் துப்பிவிட்டுப் போயின. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் நொடித்துப்போய் விலை சரிந்ததும் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. மிஞ்சியது குட்டைகளும் மணல்மேடுகளும். அந்த மணலில்தான் கோழிச்சாணத்தைக் கொட்டிக் கொட்டி மனிதர்கள் காய்கறி விளைவிக்கிறார்கள். கிந்தாவின் ஈயத்தாதோடு ஆர்செனிக் கலந்த கனிமங்களும் சேர்ந்தே கிடக்கும் என்பது புவியியல் படித்த யாருக்கும் தெரியும். ஆகவே 'காயில் என்ன இருக்கிறது' என்று ஒருவன் கேட்பது குற்றமில்லை. கேட்ட விதமும், பதிலை வாசித்த விதமும்தான் குற்றம்.

நான் வேதியியல் பொறியியல் படித்தவன். உலோக முலாம் பூசும் ஆலையொன்றில் கழிவுநீர் சுத்திகரிப்பைப் பார்த்துக்கொள்கிறேன். உலோகத்தை அளப்பது எனக்குப் புதிதில்லை என்ற திமிர் இருந்தது. என்னோடு படித்த தோழி ஒருத்தி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். ஆற்றுப்படுகைச் சேற்றிலும் நீர்த்தாவரங்களிலும் உலோகங்களை அளப்பதுதான் அவள் வேலை. "ஒரு மாதிரி சேர்த்து ஓட்டிடேன்," என்று கெஞ்சினேன். ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா வாங்கி வந்த பயத்தங்காயில் அரைக் கிலோவைப் பையில் போட்டுக் கொடுத்தேன். "கழுவணுமா, வேணாமா?" என்று கேட்டாள். "வாங்குன மாதிரியே போடு," என்றேன். அவ்வளவுதான் நான் யோசித்தது.

இரண்டு வாரம் கழித்து ஓர் அட்டவணையின் படம் வந்தது. என் காய்க்கு ஒரு வரி. காரீயம் 0.62, கேட்மியம் 0.08, ஆர்செனிக் 0.11. எல்லாம் கிலோவுக்கு மில்லிகிராமில். அட்டவணையின் தலையில் 'டி.டபிள்யூ.' என்று இரண்டு எழுத்து.

எங்கள் ஆலையில் மாதிரிப் புட்டிகளில் ஒட்டும் சீட்டில் 'டபிள்யூ.டபிள்யூ.' என்றால் கழிவுநீர், 'டி.டபிள்யூ.' என்றால் குடிநீர். குடிநீர் சோதிக்கும் முறையில் இயந்திரத்தை ஓட்டியிருக்கிறாள், அதாவது நல்ல நுட்பமாக அளந்திருக்கிறாள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். தெரியாத எழுத்துக்குத் தெரிந்த பொருளைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2009ஆம் ஆண்டின் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிமுறைகளில், குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறம் உள்ள ஆலைகளுக்கான 'ஏ' தரத்தில், காரீயத்தின் எல்லை லிட்டருக்கு 0.10 மில்லிகிராம். தினமும் பார்க்கும் எண் அது. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். காய்கறிக்கு என்ன எல்லை என்று தேடியபோது கோடெக்ஸ் அமைப்பின் தரம் முதலில் கண்ணில் பட்டது. பயறு வகைக் காய்களுக்குக் காரீயம் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். அதே எண்! நம் நாட்டின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளில் உலோகங்களுக்கென்று பதினான்காம் அட்டவணை இருக்கிறது. அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. 0.1 தாண்டினால் மணி அடிக்க வேண்டும் என்று பழகிய மூளை, 0.62ஐப் பார்த்ததும் மணி அடித்துவிட்டது.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது. "ஆறு மடங்கும்மா. ஈயம் ஆறு மடங்கு இருக்கு."

அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலை குடும்பப் புலனக் குழுவில் அவள் எழுதினாள். அம்மா பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் சொன்னார். அந்த இரண்டு வாசலும் போதுமாக இருந்தது.

இதில் 'ஈயம்' என்ற சொல் செய்த வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்திலோ வேதியியலிலோ குழப்பமே இல்லை. அவை இரண்டு தனிமங்கள், அணு எண் 50, அணு எண் 82. தமிழில் இரண்டும் ஈயம்தான். வெள்ளீயம் ஒன்று, காரீயம் ஒன்று. முன்னொட்டைப் பேச்சில் யாரும் சொல்வதில்லை. பாட்டி ரசம் வைத்த ஈயச்சொம்பு வெள்ளீயம். தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் வைத்தால் உருகிப் போய்விடும் என்று யாரையும் தொட விடமாட்டார். 232 பாகையில் உருகும் உலோகம், பாட்டி பயந்தது சரிதான். இந்தப் பள்ளத்தாக்கில் தோண்டியதும் வெள்ளீயம். நம் ஊரில் 'ஈயம்' என்றாலே அதுதான். ஆனால் என் தோழியின் அட்டவணையில் இருந்தது காரீயம். மலாய்க்காரர்களிடமும் இதே சங்கடம் உண்டு. தீமா என்றால் வெள்ளீயம், தீமா ஹீத்தாம் என்றால் காரீயம். அவர்களும் கறுப்பு என்ற அடைமொழியைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

நான் 'ஈயம் ஆறு மடங்கு' என்று சொன்னது காரீயத்தை. கேட்டவர்கள் காதில் விழுந்தது ஈயலம்பம். 'ஈயம் இருக்கிறதாம்' என்பது ஒரே நாளில் 'ஈயலம்பத்துக் காயாம்' என்று ஆகி, மூன்றாம் நாள் கடையின் அடையாளத்தோடு வெளியே போய்விட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தங்களுக்குப் புரிந்ததைச் சேர்த்தார்கள்.

கேண்டீனில் அந்தச் செய்தியைப் பார்த்த அன்றைக்கே தோழிக்கும் அனுப்பினேன். வெட்கத்தோடுதான். பத்து நிமிடத்தில் அழைத்தாள்.

"நீ எதோட எத ஒப்பிட்டே?"

சொன்னேன்.

"டேய், அது உலர் எடைடா! டி.டபிள்யூ.ன்னு மேலேயே போட்டிருக்கேன்ல? கோடெக்ஸ் பச்சைக் காய்க்குடா."

அவள் துறையில் டி.டபிள்யூ. என்றால் உலர் எடை. டபிள்யூ.டபிள்யூ. என்றால் ஈர எடை. காயைச் சூட்டடுப்பில் காயவைத்து, தண்ணீரெல்லாம் போன பிறகு மிஞ்சும் தூளில் கிலோவுக்கு இவ்வளவு என்பதுதான் அவள் தந்த எண். பயத்தங்காயில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். என் காயில் ஈரம் 89.6 விழுக்காடு, அதையும் அவள் குறித்து வைத்திருந்தாள். ஒரு கிலோ காய் காய்ந்தால் மிஞ்சுவது 104 கிராம். 0.62ஐ 0.104ஆல் பெருக்கினால் 0.064. எல்லைக்கு உள்ளேதான். கேட்மியமும் ஆர்செனிக்கும் அதைவிடக் கீழே, 0.01ஐ ஒட்டி.

கழிவுநீரில் இந்தப் பிரச்சினையே கிடையாது. தண்ணீரைக் காயவைத்துவிட்டு யாரும் அளப்பதில்லை. ஆனால் அதை ஒரு சாக்காகச் சொல்ல முடியாது. ஆலையில் ஒரு மாதிரி எல்லையைத் தாண்டினால் நாங்கள் முதலில் செய்வது மறுமாதிரி எடுப்பது. புட்டி சுத்தமாக இருந்ததா, அமிலம் சரியாகச் சேர்த்தார்களா என்று பத்துக் கேள்வி கேட்போம். முதலாளியின் பணம் சம்பந்தப்பட்டதால் அத்தனை நிதானம். ஒரு காய்கறிக்கடைக்கு அந்த நிதானத்தை நான் கொடுக்கவில்லை. ஒரே ஒரு மாதிரி, ஒரே ஒரு நாள், வீட்டுக்கு வந்து அறிவித்துவிட்டேன்.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. 'முழுசாத் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லலாம்' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்று வெவ்வேறு சந்தை நாட்களில் காய் வாங்கி, ஒவ்வொன்றையும் பாதி கழுவியும் பாதி கழுவாமலும் சோதிப்பது என்று தோழியோடு பேசி முடிவு செய்தேன். அதற்குக் காய் வேண்டும். காய்க்கு அந்தக் கடைக்கே போக வேண்டும்.

கோயில் ஓரத்தில் நீலத் தார்ப்பாலின் கட்டிய கடை. அந்தப் பெரியம்மாவும் மகனும். பயத்தங்காய், கத்திரி, வெண்டி, பாகல், தண்ணீர்க் கீரை, அவ்வளவுதான் சரக்கு. எல்லாம் சொந்த விளைச்சல். கட்டு இரண்டு வெள்ளி. நான் சிறுவனாக அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போன காலத்தில் அங்கே நிற்க இடம் இருக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணிக்கு, சந்தை நெரியும் நேரத்தில், கடை முன்னால் யாருமே இல்லை. காய் குவியல் குவியலாக அப்படியே இருந்தது.

"வாங்க தம்பி, பசியாறியாச்சா? நீங்களாச்சும் வர்றீங்களே," என்றார் பெரியம்மா. "அம்மாவக் காணுமே, ஒடம்புக்கு முடியலையா?"

"இல்ல பெரியம்மா, நல்லா இருக்காங்க. பேரன் வந்திருக்கான், அதான்."

"ஆங், சரி சரி." ஒரு கட்டுக் காயோடு ஒரு கைப்பிடி கறிவேப்பிலையும் வைத்துக் கொடுத்தார். எப்போதும் அப்படித்தான்.

செவ்வாய் போனேன். மறுபடி ஞாயிறு போனேன். மூன்று முறையும் என்னை நல்ல மனிதன் என்று நினைத்துக்கொண்டு காய் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்று போவேன். காயை வாங்கிக்கொண்டு திரும்பி வருவேன். மூன்றாம் முறை காசு கொடுக்கும்போது அவரே ஆரம்பித்தார். "யாரோ இன்ஜினியராம் தம்பி. நம்ம காய்ல வெசம்னு சொல்லிட்டானாம். யாருன்னு தெரியுமா ஒங்களுக்கு?" நான் மீதிச் சில்லறையை எண்ணினேன்.

அந்தச் சனிக்கிழமை ஆய்வுக்கூடத்துக்கு நானே போனேன். முதல் தடவை எண்ணை மட்டும் வாங்கினவன், இரண்டாம் தடவை எண் எங்கே பிறக்கிறது என்று பார்க்கப் போனேன். காயை இரும்புக் கத்தியால் வெட்டக்கூடாது, குரோமியமும் நிக்கலும் கத்தியிலிருந்தே வந்துவிடும். பீங்கான் கத்தி கொடுத்தாள். கழுவும் பாதியைக் குழாய்த் தண்ணீரில் மூன்று முறை அலசி, கடைசியில் அயனி நீக்கிய தண்ணீரில் ஒரு முறை. ஈரம் துடைத்து எடை. பிறகு 70 பாகையில் இரண்டு நாள், எடை குறைவது நிற்கும்வரை. காய்ந்த பயத்தங்காய் பழைய கயிறு மாதிரி இருந்தது. அதைப் பொடித்து, அரை கிராம் தூளை டெஃப்லான் குடுவையில் போட்டு, நைட்ரிக் அமிலமும் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஊற்றி, மூடி, நுண்ணலை அடுப்பில் வைத்தாள். வெளியே எடுத்தபோது காய் என்று சொல்ல ஒன்றுமில்லை. வெளிர் மஞ்சள் தண்ணீர்.

அந்தத் தண்ணீரைத்தான் ஐ.சி.பி.-எம்.எஸ். என்ற இயந்திரம் குடிக்கிறது. உள்ளே ஆர்கான் வாயு பிளாஸ்மாவாக எரிகிறது. 6,000 கெல்வினுக்கும் மேலே, சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடு. அந்தச் சூட்டில் எதுவாக இருந்தாலும் அணு அணுவாக உடைந்து மின்னேற்றம் பெறும். பிறகு நிறையைக் கொண்டு பிரித்து எண்ணிவிடலாம். கேட்க எளிது. ஆனால் ஆர்செனிக்கின் நிறை 75. ஆர்கானின் 40உம் உப்பிலிருந்து வரும் குளோரினின் 35உம் ஒட்டிக்கொண்டால் அதுவும் 75. உப்பு அதிகமுள்ள மாதிரியில் இல்லாத ஆர்செனிக் இருப்பதாகத் தோன்றும். அந்தப் போலியை உடைக்க நடுவில் ஹீலியம் விடுகிறார்கள். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே அவள் ஒரு காலிக் குடுவையையும் அதே அமிலத்தோடு ஓட்டினாள். அதிலும் காரீயம் கொஞ்சம் வந்தது! அமிலத்திலும் குடுவையிலும் காற்றிலும் இருப்பது. அதைக் கழித்துவிட்டுத்தான் காயின் கணக்கு. அப்புறம் ஒரு சிறு புட்டியிலிருந்து தக்காளி இலைத்தூள். அமெரிக்கத் தரநிலை நிறுவனம் சான்றிதழோடு விற்கும் தூள். அதில் எவ்வளவு உலோகம் என்பது முன்கூட்டியே தெரியும். இயந்திரம் அந்த அளவைச் சரியாகச் சொன்னால்தான் மற்ற எண்களை நம்பலாம். சொல்லாவிட்டால் அன்றைய வேலை முழுவதும் குப்பைக்கு.

இத்தனை சந்தேகங்களைத் தாண்டி வந்த எண்ணை நான் ஒரு வாய்ச் சோற்றுக்கு நடுவில் சொல்லிவிட்டிருந்தேன்.

முடிவு வந்தது. இந்த முறை பச்சைக் காய்க்கே கணக்குப் போட்டு வாங்கினேன். கழுவாதவை 0.05இலிருந்து 0.07வரை. கழுவியவை மூன்றும் 0.04க்குக் கீழே. பாதிக்குப் பாதி தோலின் மேலே ஒட்டியிருந்த தூசிதான். காரீயம் வேரிலிருந்து காய்வரை ஏறுவது மிகக் குறைவு, கேட்மியம்தான் ஏறும் என்று தோழி சொன்னாள். அதுவும் மண் புளித்துக் கிடந்தால் அதிகம். காய்களைவிடக் கீரையும் கிழங்கும் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். "ஒனக்குப் பயமா இருந்தா கீரையைக் கொண்டாந்திருக்கணும். பயத்தங்காயைப் போயி கொண்டாந்தியே," என்றாள்.

அப்படியானால் எல்லாம் சுகம் என்று அக்காவிடம் சொல்லிவிடலாமா? அங்கேதான் எனக்கு இன்னொரு தயக்கம் வந்தது. கோடெக்ஸின் அந்த 0.1 முன்பு 0.2ஆக இருந்தது. பிறகு குறைத்தார்கள். உலகத்தில் ஒழுங்காக விவசாயம் செய்தால் எவ்வளவு குறைவாகக் கொண்டுவர முடியுமோ அவ்வளவு என்று பார்த்து வைக்கிற எல்லை அது. அதற்குக் கீழே இருந்தால் தீங்கே இல்லை என்று அதற்குப் பொருளில்லை. காரீயத்துக்கு வாரத்துக்கு இவ்வளவு தாங்கலாம் என்று முன்பு ஓர் அளவு வைத்திருந்தார்கள். உடல் எடை கிலோவுக்கு 25 மைக்ரோகிராம். அனைத்துலக நிபுணர் குழு 2010இல் அதையே விலக்கிக்கொண்டது. குழந்தைகளின் மூளைக்குக் கெடுதி செய்யாத அளவு என்று எதையும் காட்ட முடியவில்லை என்பதுதான் காரணம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் குழந்தைகளுக்கு ஒப்பீட்டளவாக ஒரு நாளைக்கு 2.2 மைக்ரோகிராம் வைத்திருக்கிறது. கழுவாத அந்த முதல் காயில் 30 கிராம் மசித்துக் கொடுத்தால் 1.9 மைக்ரோகிராம் போகும். எல்லைக்கு உள்ளே இருக்கும் காய்தான். ஆனால் எனக்கு அந்த 1.9 பிடிக்கவில்லை. நன்றாகக் கழுவினால் ஒன்றை ஒட்டி நிற்கும்.

அக்காவிடம் அப்படியே சொன்னேன். நல்லாக் கழுவு, தினமும் ஒரே காயைக் கொடுக்காதே, மாத்தி மாத்திக் கொடு. "அப்ப இருக்கா, இல்லையா?" என்றாள். "இருக்கு. எல்லாத்துலயும் கொஞ்சம் இருக்கு." அவளுக்கு அந்தப் பதில் திருப்தியில்லை. 'ஆறு மடங்கு' அவளுக்கு ஒரே நொடியில் புரிந்திருந்தது. இதைச் சொல்லி முடிக்க எனக்கு இருபது நிமிடம் ஆனது, பாதியில் குழந்தை அழுதது.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். பதினொரு மணி, கடையைக் கட்டும் நேரம். பெரியம்மாவிடம் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன், அவர் நாற்காலியைக் காட்டியபோதும் உட்காரவில்லை.

அவர் சத்தம் போடுவார் என்று நினைத்துப் போயிருந்தேன். போடவில்லை. மகன்தான் பெட்டியை டொம்மென்று வைத்துவிட்டு லோரிப் பக்கம் போனார். பெரியம்மா கொஞ்ச நேரம் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா எங்கிட்ட பதினஞ்சு வருசமா வாங்குறாங்க. மொதல்ல எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல தம்பி?"

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். இடம் பழைய ஈயலம்பம்தான், மறைக்க ஒன்றுமில்லை. மாமனார் காலத்தில் வந்தது. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் டி.ஓ.எல். உரிமம், இந்த ஆண்டு கிடைத்தால் இந்த ஆண்டு விவசாயம். "மொத ரெண்டு வருசம் புல்லுகூட மொளைக்கல. அந்த மண்ணுல ஒண்ணுமே இல்ல தம்பி, வெசங்கூட இல்ல. நாங்க கொட்டுன கோழிச்சாணிதான் மண்ணு." விளையாட்டாகச் சொன்னாரோ வயிற்றெரிச்சலில் சொன்னாரோ, வேதியியல்படி அது பெரிதும் சரி. சுரங்கக் கழிவில் உலோகங்கள் தங்குவது களிச்சேற்றில்தான். அலசி அலசி ஒதுங்கிய வெறும் மணலில் ஒட்டிக்கொள்ள அவற்றுக்குப் பிடிமானம் குறைவு. தோட்டத்தை ஒட்டி மணல் லோரி போகும் செம்மண் பாதை இருக்கிறது என்றும் சொன்னார். அந்தத் தூசியாக இருக்கலாம். கடை இருக்கும் சாலையின் தூசியாகவும் இருக்கலாம்.

அவர் பயந்தது வியாபாரத்துக்கு மட்டுமில்லை. அந்தச் செய்தி அலுவலகம்வரை போய், உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் மூன்று வாரமாக வீட்டில் பேச்சாம்.

பிறகு கேட்டார். "அந்தச் சோதனப் பேப்பர் இருக்கில்ல? எல்லைக்கு உள்ள இருக்குன்னு வந்தது. அத எங்கிட்ட குடுங்க தம்பி. பிளாஸ்டிக் போட்டு இங்க மாட்டிடுறேன்."

கொடுக்க முடியாது. அது பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் நட்புக்காக ஓட்டிய சோதனை. அவளுடைய முறை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரம் பெற்ற கூடத்தின் முத்திரை அதில் இல்லை. அதைக் கடையில் மாட்டினால் நாளைக்கு யாராவது கேள்வி கேட்பார்கள், தோழிக்கும் சிக்கல், பெரியம்மாவுக்கும் சிக்கல். மேலும் நான்கு நாள் வாங்கிய காயை வைத்து ஒரு தோட்டத்துக்குச் சான்று கொடுக்க முடியாது. இதைத் தட்டுத் தடுமாறி விளக்கினேன்.

"மொதல்ல சொன்னதுக்கு மட்டும் யாரும் பேப்பர் கேக்கலையே தம்பி," என்றார்.

அன்றிரவு குடும்பக் குழுவில் திருத்தம் எழுதினேன். உலர் எடை, ஈர எடை, காரீயம், வெள்ளீயம், கழுவினால் எவ்வளவு, கழுவாவிட்டால் எவ்வளவு. தமிழில் எழுதி முடித்தபோது பதினெட்டு வரி. தாமான் குழுவிலும் கோயில் குழுவிலும் போடச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தேன். மூன்று பேர் கட்டைவிரல் போட்டார்கள். ஒருவர், "அப்ப கத்திரிக்காய் சாப்பிடலாமா?" என்று கேட்டிருந்தார். கேண்டீன் அண்ணனிடமும் சொன்னேன், இந்த முறை அந்த ஆள் நான்தான் என்பதையும் சேர்த்து. "ஓ, நீதானா!" என்று சிரித்தார். திருத்தத்தை அவர் யாருக்காவது அனுப்பினாரா என்று கேட்கவில்லை.

அங்கீகாரம் பெற்ற கூடத்தில் முறைப்படி சோதிக்கப் பணம் நான் கட்டுகிறேன் என்று பெரியம்மாவின் மகனிடம் போய்ச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். "கூடுதலா வந்துட்டா? அப்ப என்னா செய்றது?" எனக்குப் பதில் தெரியவில்லை. சுண்ணாம்பு போட்டு மண்ணின் புளிப்பைக் குறைக்கலாம், பாதையோரம் மறைப்புக்கு ஏதாவது நடலாம் என்று இரண்டு யோசனை சொன்னேன். சுண்ணாம்பு ஏற்கெனவே போடுகிறார்களாம்.

அம்மா இப்போதும் அங்கேதான் வாங்குகிறார். பயத்தங்காயை நான்கு தண்ணீர் மாற்றிக் கழுவுகிறார். கடை முன்பு வாரத்தில் நான்கு நாள் இருந்தது. இப்போது ஞாயிறும் செவ்வாயும் மட்டும். மீதி விளைச்சலை ஈப்போவிலிருந்து வரும் மொத்த வியாபாரியின் லோரிக்கு ஏற்றிவிடுகிறார்கள். விலை குறைவு, ஆனால் எந்த மண்ணில் விளைந்தது என்று அங்கே யாரும் கேட்பதில்லையாம்.